முதல் எதிர்மனுதாரர்

லூர்தம்மாள் முதன்முதலாகச் சசிரேகாவின் ஆபீசுக்கு வந்த அன்று, அவரை மாடிப்படியில் கைத்தாங்கலாக ஏற்றி வந்தவர் காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். நெற்றியில் ஒற்றைக் கீற்று நாமம். ஒவ்வொரு படியிலும் நின்று, "அவசரம் இல்ல, மொதல்ல நல்ல காலு, அப்புறம் அந்தக் காலு" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். பிறகு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

"வீட்டுக்காரரா?" என்று கேட்டாள் சசிரேகா.

"ஐயய்யோ, இல்ல வக்கீலம்மா," என்றார் லூர்தம்மாள். "இவரு என்னை இடிச்சவரு."

சசிரேகா பேனாவைக் கீழே வைத்தாள். ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் அவள் நடத்துவதெல்லாம் பெரும்பாலும் விபத்து வழக்குகள்தான். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் பெருகப் பெருக, வேனும் லாரியும் கன்டெய்னரும் பெருகின; அவளுக்கு வழக்குகளும் பெருகின. இடித்துவிட்டு ஓடினவர்களைப் பார்த்திருக்கிறாள். இடிக்கவே இல்லை என்று சாதித்தவர்களைப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் ஆப்பிளோடு வந்துவிட்டு மறுநாள் போனை அணைத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறாள். தன்மேல் வழக்குப் போடச் சொல்லி, அடிபட்டவரைத் தானே வக்கீலிடம் கூட்டிவந்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"கோதண்டராமன் மேடம்," என்று அவர் சுவரோரத்திலிருந்தே கும்பிட்டார். "தப்பு பூரா என்னுதுதான். எழுதிக்குங்க."

லூர்தம்மாள் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவர். புருஷன் இறந்து வெகுகாலமாயிற்று. ஒரே மகள் ஜாஸ்மின் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். பென்னலூரில் சொந்தமாக ஒரு சின்ன வீடு. தெருவில் ஜெபக்கூட்டம் நடத்துவதே அவர்தான். அன்று காலை, மழைத்தூறலில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிச் சாலையோரமாக நடந்திருக்கிறார். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத கோதண்டராமன் தன் சொந்த வேனில் காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, திருப்புவதற்காகப் பின்னால் எடுத்திருக்கிறார். கண்ணாடியில் மழைத்தண்ணீர். லூர்தம்மாளின் இடுப்பும் இடது தொடையும் உடைந்தன. தொடைக்குள் கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடலையா?"

"அதுக்கு ஏது மேடம் நேரம்? நானே தூக்கி வண்டியில போட்டுக்கினு போயிட்டேன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரிலயே இருந்தேன். ஆபரேசன் முடிஞ்சு இவங்க கண்ண தொறந்தப்புறம்தான் ஸ்டேசனுக்குப் போயி, நான்தான் இடிச்சேன்னு சொன்னேன்."

சசிரேகாவுக்கு அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க மனம் இளகியது. கூடவே, வக்கீல் மூளை ஒன்று தனியாக நெளிந்தது. புகார் கொடுக்க ரெண்டு நாள் தாமதம். ஆம்புலன்ஸ் பதிவு இல்லை. இடித்தவரே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். எல்லாம் நல்ல மனுஷன் செய்கிற காரியங்கள். கோர்ட்டில் எல்லாமே சந்தேகம்.

"கேஸு போட்டா இவரப் புடிச்சு உள்ள போட்ருவாங்களா?" என்று கேட்டார் லூர்தம்மாள். "அப்டின்னா வேணாம் வக்கீலம்மா. டைவரு பாவம்."

"உள்ள எல்லாம் போட மாட்டாங்க. வண்டி இவர் பேர்ல இருக்கு, அதனால இவர் முதல் எதிர்மனுதாரர். வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனி ரெண்டாவது எதிர்மனுதாரர். நஷ்ட ஈடு தர வேண்டியது கம்பெனி. இவர் கையிலேர்ந்து எதுவும் போகாது."

கோதண்டராமன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப நான் இவங்களுக்கு எதிரியா மேடம்?"

"பேப்பர்ல மட்டும்ண்ணா."

அவர் அதற்கும் தலையைக் குனிந்துகொண்டார்.

சசிரேகா பயந்தபடியே நடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்தது. கம்பெனிக்காக ஆஜரானவர் சிவசங்கர். அந்தம்மாவை இடித்தது அடையாளம் தெரியாத ஏதோ ஒரு வண்டி என்றும், அதற்குச் சரியான இழப்பீடு கிடைக்காது என்பதால் ஏற்கனவே பழக்கமான கோதண்டராமன், இன்சூரன்ஸ் உள்ள தன் வேனைக் கொண்டுவந்து காட்டிப் பழியை ஏற்றுக்கொண்டார் என்றும் அதில் எழுதியிருந்தது. இருவரும் சேர்ந்து செய்த சதி என்று முடித்திருந்தார்கள்.

அந்த மாதிரி ஏமாற்று வேலை நடக்காமலும் இல்லை. அதுதான் சசிரேகாவுக்குக் கவலை. இருவரையும் தனித்தனியாக வரவழைத்தாள். தீர்ப்பு வரும் வரைக்கும் நீங்கள் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது, போனிலும் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

"நல்லா கீறாங்களான்னு கூட கேக்கக் கூடாதா மேடம்?" என்றார் கோதண்டராமன்.

"என்னைக் கேளுங்க. நான் சொல்றேன்."

அதன்படி வாரம் தவறாமல் அவர் சசிரேகாவுக்குப் போன் பண்ணினார். முதலில் வழக்கைப் பற்றி ஏதாவது ஒன்று கேட்பார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவங்க மாத்திரையெல்லாம் கரெக்டா போடறாங்களாமா?" என்பார். லூர்தம்மாளோ போனில் வேறு மாதிரி. "டைவருக்கு சக்கர கீது வக்கீலம்மா. டீயில சர்க்கர போட்டுக் குடிப்பாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க." தனக்கே தெரியாமல் சசிரேகா இரண்டு வீட்டுக்கும் நடுவில் தூது போகிறவளாகிவிட்டாள். எரிச்சலாகவும் இருந்தது. ஒரு வாரம் போன் வராவிட்டால் என்னமோபோலவும் இருந்தது.

சாட்சியத்துக்கான பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட லூர்தம்மாள் வந்தபோது, சசிரேகா மாடியிலிருந்து பார்த்தாள். முன்பு கைத்தடி மட்டும் வைத்துக்கொண்டு நடந்தவர், இப்போது நாலு கால் வாக்கரோடு ஆட்டோவிலிருந்து இறங்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். அவள் கீழே ஓடினாள்.

"என்னாச்சு லூர்தம்மா? நல்லா நடந்துகிட்டு இருந்தீங்களே?"

லூர்தம்மாள் முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். டாக்டர் தினம் நடக்கச் சொல்லியிருந்தார். ஊரில் நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, கோதண்டராமன் முன்பெல்லாம் சாயந்தர ஷிப்ட் முடிந்ததும் வேனில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவாராம். கரை நீளமாக, மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏரி மதகு வரைக்கும் போய்த் திரும்புவார்களாம்.

"தனியா நடந்தா பயமா கீது வக்கீலம்மா. பின்னாடி வண்டி சத்தம் கேட்டா காலு அங்கியே நின்னுடுது. வூட்டுக்குள்ளியே சுத்திச் சுத்தி வரேன். நீங்க பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்க இல்ல, அதான்..."

சசிரேகா அவரைக் கீழேயே, ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினாள். அடுத்த மாதம் மெடிக்கல் போர்டு முன்னால் லூர்தம்மாள் போக வேண்டும். காலைப் பார்த்து ஊனம் எவ்வளவு என்று அவர்கள் எழுதுவார்கள். இந்த நிலையில் போனால் வழக்குக்கு நல்லதுதான் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுமே தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தன் கட்சிக்காரரின் காலை இழப்பீட்டுக்காகக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது, அந்தப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்தது.

ஆட்டோ போனதும் கோதண்டராமனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, போய் அவங்கள நடக்க வைங்க."

அந்தப் பக்கம் வேன் எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது. "கேஸுக்கு ஒண்ணும் ஆவாதா மேடம்?"

"ஆனா ஆகட்டும். அதைப் பாத்துக்கத்தான் நான் இருக்கேன்."

"இன்னிக்கே போவட்டுமா?"

"இன்னிக்கே."

ஆகத்தான் செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு ஆளை அனுப்பிப் பின்தொடர வைத்திருந்தது. லூர்தம்மாளைக் குறுக்கு விசாரணை செய்த அன்று, சிவசங்கர் கையில் ஒரு போட்டோ இருந்தது. சிவசங்கர் குரலை உயர்த்தியே பேசாத மனிதர். அதனாலேயே சசிரேகாவுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

"இந்தப் போட்டோவுல இருக்கிறது யாரும்மா?"

"நானு."

"பக்கத்துல?"

"டைவரு. கோதண்டராமன்."

"இந்த வழக்குல முதல் எதிர்மனுதாரர்."

"ஆமா சார். என்னை இடிச்சவரு."

"இடிச்சவரோட கையைப் பிடிச்சுக்கிட்டு ஏரிக்கரையில நடக்கறீங்க."

"வேற யாரு கையப் புடிக்கிறது சார்? காலு போனது அவரால தான?"

கோர்ட்டில் சிரிப்புக் கிளம்பியது. நீதிபதி தலையைத் தூக்கியதும் அடங்கியது. சிவசங்கர் மட்டும் சிரிக்கவில்லை.

"விபத்துக்கு முன்னாடியே உங்களுக்குப் பழக்கம். அதனாலதான் உங்களுக்காக இவர் பழியை ஏத்துக்கிட்டார்."

"இல்ல சார். அன்னிக்குத்தான் மொத தபா பாத்தேன்."

"காலை உடைச்சவர் மேல கோவமே இல்லையா?"

"இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"அப்போ அவரைப் பிடிக்கும்னு வச்சுக்கலாமா?"

சசிரேகா ஆட்சேபம் சொல்ல எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் லூர்தம்மாள் கூண்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"புடிக்கும் சார். சத்தியம் பண்ணிட்டு நிக்கிறேன், பொய்யா சொல்ல முடியும்? புடிக்கும்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோதண்டராமன் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். சசிரேகா பிறகு வராந்தாவுக்கு வந்தபோது, அவர் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக் கழுவி நாமம் முழுக்கக் கரைந்து போயிருந்தது.

லூர்தம்மாள் வாக்கர் இல்லாமல், சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். "கேஸு போயிடுச்சா வக்கீலம்மா?"

"போகல."

"நான் அப்டிச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"அதை அவர்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்லியே. எங்க போயி சொல்றது? அந்த சார் கேட்டாரு, வந்துடுச்சு."

சசிரேகா அவரைத் திட்டத்தான் வந்திருந்தாள். திட்ட வரவில்லை.

இனிமேல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. விபத்தை நேரில் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஒரகடம் கூட்ரோட்டுச் சந்திப்புக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் கிளியம்மாள். போலீசில் பெயர் கொடுத்திருந்தாரே தவிர, சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதெல்லாம் நழுவிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை சசிரேகா நேராக அங்கே போய், ஷிப்ட் ஆட்களோடு நின்று ஒரு தட்டு இட்லி வாங்கிக்கொண்டாள். கூட்டம் குறைந்ததும் விஷயத்தை எடுத்தாள்.

"வரக்கூடாதுன்னு இல்ல மேடம்," என்றார் கிளியம்மாள். "அந்தம்மா அன்னிக்குப் பேசின பேச்ச ஜட்ஜு கேட்டா நான் எப்டி என் வாயால சொல்றது? அவங்க ஜெபம் பண்றவங்களாமே."

"பேச்சா? என்ன பேசினாங்க?"

கிளியம்மாள் அக்கம்பக்கம் பார்த்தார். பர்னரைத் தணித்தார். சசிரேகாவின் காதருகே வந்து சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே சசிரேகாவுக்குச் சிரிப்பு அடங்காமல் சாம்பார் புடவையில் கொட்டியது. ஆனால் கடைசியில் கிளியம்மாள் சொன்ன ஒன்றைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"அதை மறுபடி சொல்லுங்கக்கா."

சொன்னார். சசிரேகா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீசுக்கு வந்ததும் லூர்தம்மாளைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தாள். ஏன் இதை இவ்வளவு நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"வலியில இன்னா பேசினேன்னே தெரியல வக்கீலம்மா," என்றார் லூர்தம்மாள். சற்றுப் பொறுத்து, "தெரியும். சர்ச்சுல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு."

"டிரைவரும் மூச்சு விடலையே?"

"அவரு எப்டி சொல்வாரு? என்னை விட்டுக் குடுக்க மாட்டாரு."

கிளியம்மாள் கோர்ட்டுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். வேன் நம்பரையும், அது பின்னால் வந்து இடித்ததையும் தெளிவாகச் சொன்னார். பிறகு சசிரேகா கேட்டாள்.

"அடிபட்டவங்க அப்போ ஏதாவது பேசினாங்களா?"

"பேசினாங்கம்மா. அத்த அப்டியே சொல்லணுமா?"

"சொல்லலாம்மா," என்றார் நீதிபதி.

"ஐயா, மன்னிக்கணும். கொஞ்சம் கொறச்சே சொல்றேன். டைவரோட அப்பாரு, அவரோட அப்பாரு, அந்த வண்டிய செஞ்சவன், அவருக்கு லைசென்ஸ் குடுத்தவன், ஒருத்தர விடல. அந்தாளு அழுதுக்கினே அவங்கள தூக்கறாரு. அவங்க அவரு சட்டயப் புடிச்சுக்கினு, 'உன் பேரு இன்னாடா? சொல்லுடா. நான் செத்தா ஆவியா வந்து உன்னப் புடிக்கணும். பேரு தெரியாம உன்ன எங்கடா தேடுவேன்?' அப்டின்னாங்க. அவரு அழுதுக்கினே, 'கோதண்டராமன்மா, கோதண்டராமன்' அப்டின்னாரு. 'எந்த ஊருடா?'ன்னாங்க. 'படப்பைம்மா'ன்னு அதுக்கும் பதில் சொன்னாரு."

இந்தத் தடவை நீதிபதியே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். லூர்தம்மாள் முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்தார். சசிரேகா திரும்பிப் பார்க்காமலே, கடைசி பெஞ்சில் கோதண்டராமன் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது.

சிவசங்கர் எழுந்தார். "இவ்வளவையும் எப்படிம்மா ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"எப்டி சார் மறக்கும்? அன்னிக்கு எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. ஒருத்தங்க காலு ஒடஞ்சு கெடக்கும்போது சிரிச்சுட்டமேன்னு இன்னி வரைக்கும் மனசு அடிச்சுக்கினு கீது."

சிவசங்கர் பைலை மூடினார். "வேற கேள்வி இல்லை," என்று உட்கார்ந்தார்.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. இடித்தவரிடமே பெயரும் ஊரும் கேட்ட மனுதாரருக்கு அவரை முன்பே தெரிந்திருக்க வாய்ப்பில்லை, விபத்துக்குப் பிறகு ஏற்பட்ட பழக்கத்தை வைத்து, விபத்துக்கு முன்பே கூட்டுச்சதி இருந்ததாக முடிவு செய்ய இயலாது என்று நீதிபதி எழுதியிருந்தார். இழப்பீடு முழுவதையும் கம்பெனியே தர வேண்டும். மெடிக்கல் போர்டில் ஊனத்தைக் குறைவாகத்தான் எழுதியிருந்தார்கள். லூர்தம்மாள் அதற்குள் நன்றாக நடக்க ஆரம்பித்திருந்தார். அதனால் தொகையும் கொஞ்சம் குறைந்தது. அதைச் சொன்னபோது அவர், "நடக்கறேனே, அது போதாதா?" என்றார்.

இருவரும் சேர்ந்தே அடுத்த வாரம் ஆபீசுக்கு வந்தார்கள். விஷயம் என்னவென்று சசிரேகாவுக்குப் படியேறும் சத்தத்திலேயே புரிந்துவிட்டது. ஆனால் யார் சொல்வது என்று இருவரும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜாஸ்மின்கிட்ட பேசிட்டேன்," என்றார் லூர்தம்மாள் கடைசியில். "ஒரு நாள் பூரா என்கிட்ட பேசல. அப்புறம் போன் பண்ணி, 'உனக்கு ஒடம்பு முடியாதப்ப யாரு பாத்தாங்க, நானா பாத்தேன்?'னு அழுதா. ரிஜிஸ்டர் பண்ணிக்கச் சொல்லிட்டா. கோயில்ல வேணாம், மண்டபம் வேணாம். நீங்க சொல்லுங்க."

வக்கீல் மூளை மறுபடி எட்டிப் பார்த்தது. கம்பெனி அப்பீல் போக இன்னும் மூன்று மாத அவகாசம் இருந்தது. இப்போது கல்யாணம் பண்ணிக்கொண்டால், பார்த்தீர்களா என்று கம்பெனி ஹைகோர்ட்டில் நிற்கும். அதைச் சொன்னாள்.

"மூணு மாசமா?" என்றார் கோதண்டராமன். "எனக்கு அம்பத்தி மூணு ஆவுது மேடம்." சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே வெட்கப்பட்டார்.

சசிரேகா அன்று மதியமே கோர்ட் வராந்தாவில் சிவசங்கரைப் பிடித்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அப்பீலுக்குத் தகுதி இல்லைன்னு கம்பெனிக்கு எழுதிட்டேன் மேடம். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க," என்றார் அவர். பைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பினார். "நான் அன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். ஆனா கேட்டது நல்லதாப் போச்சு போல."

ஒரு மாத நோட்டீஸ் காலம் முடிந்து பதிவுத் திருமணம் நடந்த அன்று, சாட்சிக் கையெழுத்துப் போட ஜாஸ்மினும் கிளியம்மாளும் சசிரேகாவும் போயிருந்தார்கள். ஜாஸ்மின் அம்மாவுக்குத் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டு, நான்கு தடவை சரி செய்தாள். பதிவாளர் வயதான தம்பதியைப் பார்த்த ஆர்வத்தில், "உங்க ரெண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார்.

இருவரும் சட்டென்று சசிரேகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லலாமா, கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்க," என்றாள் சசிரேகா. "இங்க என்ன வேணும்னாலும் சொல்லலாம்."

கோதண்டராமன் சொல்லத் தொடங்கினார். மழையில் இருந்து ஆரம்பித்தார். கண்ணாடியைத் துடைக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தது தன் தப்பு என்றார். லூர்தம்மாள் குறுக்கிட்டு, தானும் குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அதை அவர் கோர்ட்டில் சொல்லவே இல்லை என்பது சசிரேகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லியிருந்தால் தொகை இன்னும் குறைந்திருக்கும்; காதில் விழாததுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

எல்லோரும் படப்பையில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஜாஸ்மினும் கிளியம்மாளும் வழியில் இறங்கிக்கொண்டார்கள். சசிரேகாவைக் கோர்ட்டில் விடுவதற்காக வேன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பியது. ஷிப்ட் ஆட்கள் உட்காரும் பின்சீட்டில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருவரும் ராத்திரிச் சமையலுக்கு மீன் வாங்குவதா, கறி வாங்குவதா என்று பேசிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமையில் நான் இரண்டும் தொடுவதில்லை என்று கோதண்டராமன் சொல்ல, இன்றைக்குச் சனிக்கிழமையே இல்லை, வெள்ளிக்கிழமை என்று லூர்தம்மாள் சொல்ல, வெள்ளிக்கிழமை நீ தொட மாட்டாயே என்று அவர் சொல்ல, பேச்சு முட்டைக்குழம்பில் வந்து நின்றது.

கோர்ட் வாசலில் வண்டி நின்றது. இன்னும் ஒரு சுற்று போய் வரலாமா என்ற கேள்வி சசிரேகாவுக்கு வாய் வரை வந்தது. ஆனால் மதியம் வேறொரு விபத்து வழக்கில் அவளுக்குச் சாட்சி விசாரணை இருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.